ஹேண்டில் கோணினால் ஃபோர்க் வளைந்துவிட்டது என்று அர்த்தமில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் பெரிய மோட்டார்கள் அதிகம் விழுவது நெடுஞ்சாலையில் இல்லை, நின்ற இடத்தில்தான். செம்பனைத் தோட்டத்து மண் பாதையின் ஓரத்தில் சைட் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துவார்கள். ராத்திரி பெய்த மழையில் செம்மண் ஊறிப்போயிருக்கும். ஸ்டாண்ட் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். 200 கிலோவுக்கு மேலான வண்டி, பெட்டிகளோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்துவிடும். தூக்கி நிறுத்தி ஓட்டிப் பார்த்தால் வண்டி நேராகப் போகிறது, ஹேண்டில் மட்டும் ஒரு பக்கம் கோணி நிற்கிறது. மோட்டார் கடைக்குக் கொண்டுபோனால் உடனே கிடைக்கும் பதில்: "அண்ணே, ஃபோர்க் வளைஞ்சிருச்சு. ரெண்டு டியூப்பும் மாத்தணும்."

ஃபோர்க் என்பது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இரட்டைக் கால். டியூப் அந்தக் கால்களின் குழாய். மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் அந்த வேகத்தில் விழுந்த வண்டியில் டியூப் வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடந்திருப்பது முறுக்கல். டியூப்புகளைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புக்குள் அவை ஒன்றுக்கொன்று கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். இரும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முறுக்கலையும் வளைவையும் பிரித்தறியாமல் பாகம் வாங்கினால், புது டியூப் போட்ட பிறகும் ஹேண்டில் கோணியபடியேதான் நிற்கும்.

முறுக்கல் ஏன் வருகிறது என்பது ஃபோர்க்கின் அமைப்பைப் பார்த்தாலே புரியும். இரண்டு டியூப்புகளையும் மேல் கிளாம்ப் ஒன்றும் கீழ் கிளாம்ப் ஒன்றும் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியில் பல்லோ பள்ளமோ கிடையாது. போல்ட் இறுக்கத்தால் வரும் உராய்வு மட்டும்தான். கிளாம்புகள் இரண்டும் நடுவில் உள்ள ஸ்டியரிங் தண்டைச் சுற்றித் திரும்பக்கூடியவை. சக்கரத்துக்கோ ஹேண்டில் முனைக்கோ பக்கவாட்டில் அடி விழும்போது, மேல் கிளாம்ப் ஒரு கோணத்திலும் கீழ் கிளாம்ப் வேறொரு கோணத்திலும் நின்றுவிடும். டியூப்புகள் அந்த இரண்டுக்கும் இடையில் கத்திரி போட்ட மாதிரி குறுக்காகச் சாய்ந்திருக்கும்.

விழாத வண்டியிலும் ஃபோர்க் கோணும். அதற்கு முக்கியக் காரணம் டயர் மாற்றுவது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். என் கணிப்பில், விழுந்ததைவிட டயர் மாற்றியதால் கோணல் வந்த ஃபோர்க்குகள்தான் அதிகம்.

முதலில் ஃபோர்க் இல்லாத காரணங்கள்

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று வருபவர்களில் பலருக்கு ஃபோர்க்கில் கோளாறே இருக்காது. இங்கே நாம் சாலையின் இடப்பக்கம் ஓடுகிறோம். மழைநீர் வடிய சாலை நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும். கையை லேசாக்கினால் எந்த வண்டியும் இடப்பக்கமாகத்தான் ஒதுங்கும். காலியான சமதளத்தில் இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம். பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சைலன்சர் பக்கத்துப் பெட்டி சில வண்டிகளில் சிறிதாக இருப்பதால், எடை முழுவதும் மறுபக்கம் ஏறியிருக்கும். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தாலும் இழுக்கும்.

அடுத்து ஹேண்டில். டூரிங் வண்டிகள் பலவற்றில் ஹேண்டில் தாங்கி ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கும். விழுந்த அடியில் அந்த ரப்பர் ஒரு பக்கமாக நசுங்கி நின்றாலே ஹேண்டில் கோணலாகத் தெரியும். தாங்கியின் அடி போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டிலை ஆட்டி விட்டு மறுபடி இறுக்கினால் பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். அதனால் கோணலை அளக்க ஹேண்டிலை ஆதாரமாக எடுக்கக் கூடாது. மேல் கிளாம்பையும் சக்கர ஆக்சிலையும்தான் ஒப்பிட வேண்டும். நேரான அலுமினியச் சட்டம் இரண்டு எடுங்கள். ஒன்றை மேலே, கிளாம்பை ஒட்டி இரண்டு டியூப்புகளின் முகத்திலும் படும்படி வையுங்கள். மற்றொன்றைக் கீழே, ஆக்சிலுக்குச் சற்று மேல் இரண்டு கால்களின் முகத்திலும் வையுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டும் இணையாகத் தெரிய வேண்டும். தச்சர் பலகையின் முறுக்கைப் பார்ப்பது இப்படித்தான். கண்ணால் பார்க்கும்போதே கோணல் தெரிந்தால், அடுத்து சொல்லப்போகும் கண்ணாடிச் சோதனை கட்டாயம்.

ஸ்டியரிங் பேரிங்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சக்கரம் தரையைத் தொடாமல் வண்டியைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் "டக்" என்று ஓர் ஆட்டம் தெரியக் கூடாது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போலிருந்தால் பேரிங் குழி விழுந்துவிட்டது. அந்தப் பேரிங்கோடு எந்த அளவும் நம்பத் தக்கதில்லை.

கண்ணாடி

இந்த வேலைக்கு வேண்டிய முக்கியக் கருவி கண்ணாடிக் கடையில் வெட்டு மிச்சமாகக் கிடக்கும். 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள சாதாரண ஜன்னல் கண்ணாடி. நீளம், இரண்டு டியூப்புகளின் வெளி விளிம்பையும் ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தாண்டும் அளவு. பெரும்பாலான வண்டிகளுக்கு 27, 28 செ.மீ. போதும். உயரம் 10 செ.மீ. விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விரலையும் கிழிக்கும், குரோமையும் கீறும்.

ஏன் இரும்புத் தகடு வேண்டாம், கண்ணாடி வேண்டும்? இன்றைய ஜன்னல் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்க விட்டுச் செய்யப்படுவது. பிரிட்டனில் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறை அது. திரவத்தின் மேல் மிதந்து உறைவதால் அதன் தட்டைத்தன்மைக்கு ஹார்டுவேர் கடையில் வாங்கும் எந்தத் தகடும் ஈடாகாது. ஒரே எச்சரிக்கை: டெம்பர் செய்த கண்ணாடி வாங்காதீர்கள். மறுபடி சூடாக்கி உருளைகள் மேல் ஓட்டும்போது அதில் லேசான அலையும் வளைவும் வந்துவிடும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். ஆயில் ஃபில்ட்டரிலோ சைலன்சர் குழாயிலோ ஜாக்கி படக் கூடாது. பிரேக் காலிப்பர்களைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்க விடுங்கள். ஹோஸில் எடை ஏறக் கூடாது. ஏபிஎஸ் வண்டியானால் சென்சார் ஒயரின் கிளிப்புகளையும் முதலில் விடுவிக்க வேண்டும். சக்கரம், மட்கார்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள். டியூப்பில் ஒட்டிய செம்மண்ணை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஒரு மணல் பருக்கை இருந்தாலே அளவு பொய்யாகிவிடும்.

சாதாரண ஃபோர்க்கில், அதாவது குரோம் டியூப் மேலே இருக்கும் வகையில், கீழ் கிளாம்புக்கும் தூசி சீலுக்கும் நடுவே கண்ணாடியை வையுங்கள். சுசுக்கி வி-ஸ்ட்ரோம் 650இன் 43 மி.மீ. ஃபோர்க் இந்த வகை. கவாசாக்கி வெர்சிஸ் 650, பெனெல்லி டிஆர்கே 502 போன்றவற்றில் ஃபோர்க் தலைகீழ் வகை. தடித்த வெளிக் குழாய் மேலே கிளாம்பில் இருக்கும், குரோம் கீழே இருக்கும். இவற்றில் கீழே தெரியும் குரோமில் வைத்து அளந்தால், இரண்டு குழாய்களுக்கும் நடுவே இருக்கும் வழுக்கு வளையமான புஷ்ஷின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். வெளிக் குழாய் ஒரே தடிமனாக ஓடும் பகுதியைத் தேடி அங்கே வையுங்கள். கூம்பிக்கொண்டு போகும் இடம் ஆகாது.

கண்ணாடியின் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் தட்டுங்கள். நான்கும் அசையாமல் உட்கார்ந்தால் இரண்டு டியூப்புகளும் ஒரே தளத்தில் இருக்கின்றன. எதிரெதிர் மூலைகள் ஆடினால் முறுக்கல். அசையும் மூலையில் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய இரும்பு இலை, விட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடியைத் திருப்பி வைத்து இன்னொரு முறை. ஆடும் மூலை இடம் மாறினால் கோளாறு கண்ணாடியில்.

0.1 மி.மீ. இலை நுழையாவிட்டால் பேசாமல் மூடிவிடலாம். 0.25ஐத் தாண்டினால் சரிசெய்தே ஆக வேண்டும். கால் மில்லிமீட்டர் என்ன பெரிய அளவா என்று கேட்பவர்களுக்கு: அது 10 செ.மீ. உயரத்தில் வரும் வித்தியாசம். அங்கிருந்து 60 செ.மீ. கீழே ஆக்சில் இருக்கும் இடத்தில் அதுவே ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு கால் மற்றதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் நிற்க, நடுவில் ஒரு ஆக்சிலைத் திணித்து இறுக்கினால் புஷ்கள் எப்படித் தேயும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. இரண்டு கால்களும் கீழே ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ இருந்தால் கண்ணாடி காட்டாது. அதற்கு வெர்னியர் வைத்து, கீழ் கிளாம்புக்கு அடியிலும் ஆக்சிலுக்கு மேலும் இடைவெளியை அளக்க வேண்டும். நேருக்கு நேர் மோதி இரண்டு டியூப்புகளும் ஒரே அளவு பின்னால் வளைந்திருந்தாலும், வளைவுக்குக் கீழே வைத்த கண்ணாடி அழகாக உட்காரும். அப்படிப்பட்ட மோதலில் சக்கரம் ரேடியேட்டரை நெருங்கியிருக்கும், சேசிஸில் ஸ்டியரிங் கழுத்தின் அடிப்பக்கம் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கும், ஸ்டியரிங் ஸ்டாப் நசுங்கியிருக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஃபோர்க்கை விட்டுவிட்டு சேசிஸைப் பார்க்க வேண்டும். அது ஈப்போவில் சேசிஸை அளந்து நிமிர்த்தும் ஜிக் வைத்திருக்கும் பட்டறையின் வேலை, வீட்டு வாசலில் ஆகாது.

வளைவா, முறுக்கலா, கிளாம்பா

இந்தப் பகுதியைத்தான் கடைகளில் தாண்டிவிடுகிறார்கள், பத்து நிமிட வேலை என்றாலும். கண்ணாடி ஆடுகிறது என்று தெரிந்ததும், எல்லாக் கிளாம்ப் போல்ட்டுகளையும் ஸ்டியரிங் தண்டு நட்டையும் தளர்த்தி, கிளாம்புகளை ஒன்றுக்கொன்று திருப்பி நேர்ப்படுத்தி, லேசாக இறுக்கிவிட்டு மறுபடி கண்ணாடி வையுங்கள். உட்கார்ந்துவிட்டால் அது வெறும் முறுக்கல். செலவு கண்ணாடிக்கு மட்டும்தான்.

உட்காரவில்லை என்றால், ஒரு பக்க டியூப்பை மட்டும் தளர்த்திக் கால் சுற்று திருப்பி, மறுபடி லேசாக இறுக்கிப் பாருங்கள். நான்கு கால் சுற்றுக்கும் இப்படியே. டியூப் திரும்பத் திரும்ப இடைவெளி கூடிக் குறைந்தால் அந்த டியூப் வளைந்திருக்கிறது. டியூப்பை எப்படித் திருப்பினாலும் இடைவெளி மாறாமல் நின்றால், டியூப் நேராக இருக்கிறது, கிளாம்ப்தான் கோணிவிட்டது. மறுபக்க டியூப்புக்கும் இதையே செய்யுங்கள். பெரும்பாலும் கோணுவது கீழ் கிளாம்ப். அது தண்டோடு சேர்ந்தே வருவதால் விலை கூடும், ஆனால் டியூப்பை மாற்றி ஏமாறுவதைவிட மேல்.

டியூப்தான் என்று சந்தேகம் வந்தால் வெளியே எடுத்து வீ பிளாக் என்னும் வீ வடிவப் பள்ளக் கட்டைகளில் கிடத்தி, நடுவில் முள் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். பல ஜப்பான் மேனுவல்களில் எல்லை 0.2 மி.மீ. டயலில் முள் ஆடும் மொத்த அளவில் பாதிதான் உண்மையான வளைவு. முள் 0.3 ஆடினால் வளைவு 0.15, இன்னும் எல்லைக்குள்தான். இதைத் தெரியாமல் நல்ல டியூப்பைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. எல்லையைத் தாண்டியதை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நிமிர்த்திய டியூப் பலமிழந்திருக்கும் என்று மேனுவல்களே எச்சரிக்கின்றன. ஆற்று ஓரம் மீன் பிடிக்கப் போகும் காப்சாய் என்னும் சின்ன மோட்டாருக்கு வேண்டுமானால் பார்க்கலாம் என்பார்கள். பெட்டிகளும் பின்னால் ஆளுமாக கிரிக் தாண்டி கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் இறங்கும் வண்டிக்கு வேண்டாம்.

ஆக்சிலையும் அதே கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து போனால் வளைவு இருக்கிறது. இதற்கும் ஹோண்டா மேனுவல்களில் 0.2 மி.மீ. எல்லை வழக்கம்.

திரும்பப் பூட்டும் வரிசை

டியூப்புகளை ஏற்றும் முன் கிளாம்பின் உள் முகத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். அங்கே கிரீஸ் கூடாது, பிடி உராய்வில்தான் இருக்கிறது. மேல் கிளாம்புக்கு மேலே டியூப் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மேனுவல் அளவுப்படி வைத்து, இரண்டு பக்கமும் வெர்னியரால் ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

இறுக்கும் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் கீழிருந்து மேலே போகச் சொல்வார்கள், சிலர் மேலிருந்து கீழே. உங்கள் வண்டியின் மேனுவலே சட்டம். எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று: மேல் கிளாம்பும் கீழ் கிளாம்பும் இறுகிய பிறகு தண்டு நட்டை இறுக்கக் கூடாது. ஏதாவது ஒன்று தளர்வாக இருந்தால்தான் மேல் கிளாம்ப் தானாக அமரும். இல்லையென்றால் நீங்கள் நேர்ப்படுத்தியதை நட்டே மறுபடி இழுத்துவிடும். ஒரு பக்கத்துக்கு இரண்டு போல்ட் இருக்கும் கிளாம்பில், முதலாவதை இறுக்கி, இரண்டாவதை இறுக்கி, மறுபடி முதலாவதற்கு வாருங்கள். இரண்டாவது இறுகும்போது முதலாவது தளர்ந்திருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பெனர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், முக்கியமாகத் தலைகீழ் ஃபோர்க்கில். கீழ் கிளாம்பை அதிகமாக இறுக்கினால் வெளிக் குழாய் முட்டை வடிவில் நசுங்கி, உள்ளே புஷ் பிடித்துக்கொள்ளும். 8 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவுதான் கேட்பார்கள். நீளக் கைப்பிடி ஸ்பெனரில் கை எடையைப் போட்டாலே அதைத் தாண்டிவிடும்.

இனி டயர் கடை விவகாரம். நிறைய வண்டிகளில் ஆக்சில் ஒரு காலில் உறுதியாகப் பூட்டிக்கொள்ளும். மறு காலில் வெறுமனே நுழைந்து நிற்கும், பிஞ்ச் போல்ட் மட்டும்தான் அதைப் பிடிக்கும். அந்த இரண்டாவது கால் ஆக்சில் மேல் பக்கவாட்டில் நகர்ந்து, தனக்குச் சுகமான இடத்தில் நிற்க வேண்டும். அவசரத்தில் ஆக்சிலைச் சுத்தியலால் தட்டி ஏற்றி, உடனே பிஞ்ச் போல்ட்டையும் இறுக்கிவிட்டால், அந்தக் கால் உள்ளே இழுபட்டோ வெளியே தள்ளப்பட்டோ நின்றுவிடும். விளைவு உடனே தெரியாது. ஃபோர்க் சின்னக் குழிகளுக்கு அசையாது, சாலை பம்ப்பில் மட்டும் தடாலென்று இறங்கும். சில மாதத்தில் ஒரு பக்க ஆயில் சீல் கசியும். சீலை மாற்றுவார்கள், மறுபடி கசியும். உள்ளே புஷ்ஷின் டெஃப்லான் பூச்சு ஒரே பக்கமாகத் தேய்ந்து செம்பு தெரிந்திருக்கும், டியூப்பில் ஒரு பளபளப்பான கோடு விழுந்திருக்கும். சீல் மேல் பழி, காரணம் ஆக்சில்.

சரியான முறை இது. ஆக்சிலுக்கு மெல்லிய கிரீஸ் தடவுங்கள். சக்கரத்தை ஏற்றும் முன்பே, வெறும் ஆக்சிலை இரண்டு கால்களின் வழியாகவும் விரலால் தள்ளிப் பாருங்கள். சுத்தியல் கேட்டால் ஃபோர்க் இன்னும் நேராகவில்லை. பிறகு சக்கரத்தையும் ஸ்பேசர்களையும் வைத்து, ஆக்சிலை மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். பிஞ்ச் போல்ட் தளர்வாகவே இருக்கட்டும். காலிப்பர்களைப் பூட்டி, பேட்கள் டிஸ்க்கைப் பிடிக்கும் வரை பிரேக்கை அழுத்திவிடுங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை நன்றாக ஐந்தாறு முறை அமுக்கி விடுங்கள். தளர்ந்த கால் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். அதன் பிறகு பிஞ்ச் போல்ட். கடைசியில் மட்கார்டு. மட்கார்டு தாங்கி இரண்டு கால்களையும் இணைப்பதால், அதன் ஓட்டைகள் பொருந்தவில்லை என்றால் இழுத்துப் பூட்டாதீர்கள். இடைவெளிக்கு வாஷர் போடுங்கள்.

கால் சரியாக நின்றதா என்பதற்கு டிஸ்க்கே சாட்சி. காலிப்பர் தாங்கிக்கும் டிஸ்க்குக்கும் இடையில் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்க வேண்டும். பழைய ஹோண்டா டூரிங் வண்டிகள் சிலவற்றின் கையேட்டில் இதற்கு 0.7 மி.மீ. ஃபீலர் நுழைய வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். ஃபோர்க் ஒட்டுகிறதா என்பதற்கு, வெளியே தெரியும் குரோமின் நீளத்தை இரண்டு முறை அளந்து பாருங்கள். முன்பக்கத்தைக் கையால் அமுக்கி மெல்ல மேலே வர விட்டு நிற்கும் இடம் ஒன்று, தூக்கி மெல்ல இறங்க விட்டு நிற்கும் இடம் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒட்டல். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்தால் எவ்வளவு குறைந்தது என்பது தெரியும்.

சொல்ல விட்டுப்போகக் கூடாதது: இதெல்லாம் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்கு, அதாவது ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழைந்து இறங்கும் வகைக்கு மட்டும். பிஎம்டபிள்யூ 1993இல் ஆர் 1100 ஆர்எஸ்ஸோடு கொண்டுவந்த டெலிலீவரிலும், 2018இலிருந்து ஹோண்டா கோல்ட்விங்கில் வரும் இரட்டை விஷ்போன் அமைப்பிலும் சக்கரத்தின் நேர்மை வேறு மூட்டுகளில் இருக்கிறது. அவற்றுக்கு அந்தந்த மேனுவல் வழிதான்.

ஃபோர்க் நேரான பிறகும் ஹேண்டில் கொஞ்சம் கோணித் தெரிந்தால் பின்சக்கரத்தைப் பாருங்கள். செயின் அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளை நம்பிப் பூட்டிய பின்சக்கரம் பெரும்பாலும் சற்றுத் திரும்பித்தான் நிற்கும். கட்டட வேலைக்கு வாங்கும் நைலான் நூலைப் பின் டயரைச் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு பக்கமும் முன்னால் இழுத்துக் கட்டுங்கள். நூல் பின் டயரின் முன் விளிம்பை லேசாகத் தொட வேண்டும். பின் டயர் 160, முன் டயர் 120 என்றால் முன்பக்கம் ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ. இடைவெளி வர வேண்டும். டயரின் உண்மை அகலம் எண்ணிலிருந்து மாறும் என்பதால் வெர்னியரால் அளந்துகொள்வது நல்லது. சில மாடல்களில் பின்சக்கரம் சில மில்லிமீட்டர் தள்ளியே வடிவமைக்கப்பட்டிருக்கும், அதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்தைக் குவாலா கங்சார் வரை வைத்துக்கொண்டு, திரும்பி வந்து வண்டி ஆறியதும் கிளாம்ப், பிஞ்ச் போல்ட்டுகள் எல்லாவற்றிலும் டார்க் ஸ்பெனரை ஒரு முறை வைத்துப் பாருங்கள். தண்டு நட்டைத் தொட்ட வேலை என்பதால், சக்கரத்தைத் தூக்கி ஸ்டியரிங் பேரிங்கின் ஆட்டத்தையும் அப்போதே மறுபடி சோதித்துவிட வேண்டும்.